ஊராட்சிக் குடிநீர்: டீச்சரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. எங்கள் ஊராட்சியின் கிராமக் குடிநீர் மற்றும் துப்புரவுக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். எங்களிடம் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று, ஆழ்துளைக் கிணறுகள் இரண்டு, வாரத்தில் சில நாள் மட்டும் எட்டிப்பார்க்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் ஆகியவை உண்டு. ரேஷன் கடை வரிசையிலும் கோயில் திண்ணையிலும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. இதில் எதற்கு டீச்சர் மருந்து போட வேண்டும்?

வாந்திபேதியும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் தரும் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஒரு குடம் தண்ணீரில் ஒரு துளி சாக்கடை கலந்தால் நிறமும் மாறாது, ருசியும் மாறாது. சில ஊர் போர் தண்ணீர் இரும்புச் சத்தால் சிவந்து, துணியெல்லாம் கறையாகும். ஆனால் அதில் கிருமி இல்லாமல் இருக்கலாம். கண்ணாடி போன்ற தண்ணீரில் கிருமி இருக்கலாம்.

போரிலிருந்து வரும்போது நல்லதாகவே வந்தாலும், அது தொட்டியில் தங்கி, மண்ணுக்குள் கிடக்கும் குழாயில் ஓடி உங்கள் குடத்துக்கு வர வேண்டும். வழியில் எங்கே எது கலந்தாலும் அங்கேயே கொல்வதற்கு ஒரு காவலாள் தண்ணீரோடு கூடவே வர வேண்டும். பிளீச்சிங் பவுடரில் இருக்கும் குளோரின்தான் அந்தக் காவலாள்.

பிளீச்சிங் பவுடர் வாடை குமட்டுகிறதே, குடித்தால் வயிறு கெடாதா?

கெடாது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 (2012 பதிப்பு), குளோரின் போட்ட தண்ணீர் வீட்டுக் குழாயில் வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்ச குளோரின் (வழியில் அழுக்கோடு போராடித் தீர்ந்தது போக எஞ்சுவது) இருக்க வேண்டும் என்கிறது. இந்த அளவில் பலருக்கு வாடையே தெரியாது. மூக்கைத் துளைக்கிறது என்றால் அன்று கை தாராளமாகிவிட்டது, அல்லது கலக்கிய விதம் சரியில்லை.

குடத்தின் வாயை மெல்லிய துணியால் மூடி சில மணி நேரம் வைத்தால் வாடை தானே போய்விடும். டீ கெட்டுவிடுகிறது என்று என்னிடம் சண்டைக்கு வந்த டீக்கடைக்காரர் இப்போது முந்தைய நாளே பிடித்து வைத்துக்கொள்கிறார்.

30,000 லிட்டர் தொட்டிக்கு எவ்வளவு பவுடர் போட வேண்டும்? ஒருவர் கைப்பிடி என்கிறார், ஒருவர் அரைக் கிலோ என்கிறார்.

இரண்டு பேரும் தப்பு. இது எட்டாம் வகுப்புக் கணக்கு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் வேண்டுமானால் 30,000 லிட்டருக்கு 30 கிராம் குளோரின் வேண்டும். புதிய, நல்ல பவுடரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்யும் குளோரின், மீதியெல்லாம் சுண்ணாம்பு. மூட்டை திறந்த பின் குறைவதையும் சேர்த்து 30 சதவீதம் என்று வைத்தால் 100 கிராம் பவுடர்.

சிக்கல் மூட்டையில்தான் இருக்கிறது. மோட்டார் அறையின் ஈர மூலையில் வாய் திறந்தபடி மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் 15 சதவீதம்கூட இல்லாமல் போகலாம். அப்போது அதே வேலைக்கு 200 கிராம் வேண்டும். அதனால் முதல் நாள் 100 கிராமில் தொடங்கி, கடைசித் தெருக் குழாயில் அளந்து பார்த்து, 0.2 வரும்வரை கூட்டிக்கொண்டு போக வேண்டும். தண்ணீரில் அழுக்கு எவ்வளவு குளோரினைத் தின்கிறது என்பதும் மழைக்கும் கோடைக்கும் மாறும். மூட்டையைத் திறந்ததும் மூக்கு எரிய வேண்டும்; வெறும் சுண்ணாம்பு வாசனை வந்தால் அதைத் தெருவோரத்தில் தூவத்தான் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டால் கரைந்துவிடாதா?

கரையாது. சுண்ணாம்பு அடியில் படிந்து, பிறகு குழாய்க்குள் இறங்கும். முதல் தெருவுக்கு அன்று காலை பால் போலத் தண்ணீர் வரும். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பவுடரைக் கூழாகக் குழைத்து, பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கால் மணி நேரம் தெளிய விட வேண்டும். மேலே தெளிந்ததை மட்டும் தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போது ஊற்ற வேண்டும். விழுகிற தண்ணீரே கலக்கிவிடும். பிறகு அரை மணி நேரம் பொறுத்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். கிருமி சாக அந்த நேரம் தேவை. எங்கள் தொட்டி இயக்குபவர் அந்த அரை மணியில் டீ குடித்துவிட்டு வருவார். அது பணிநேரத்தில் சேர்ந்ததுதான்.

மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும், கையுறை வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டை இந்தப் பவுடர் பக்கம் கொண்டுவரவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

போட்டார்களா இல்லையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

குளோரோஸ்கோப் என்று ஒரு சின்னப் பெட்டி ஊராட்சியில் இருக்கும். கண்ணாடிக் குழாயில் குறித்த அளவு தண்ணீர் பிடித்து, அதோடு தரும் ஆர்த்தோடாலிடின் கரைசலைச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். பெட்டியில் உள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படிக்கலாம். உடனே படிக்க வேண்டும், வைத்து வைத்துப் பார்த்தால் நிறம் கூடி ஏமாற்றும். அந்த ஆர்த்தோடாலிடின் கரைசல் நச்சுத்தன்மை உள்ளது. கையில் படாமல் பார்த்துக்கொண்டு, சோதித்த தண்ணீரைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் கொட்டிவிடுங்கள். இளஞ்சிவப்பு நிறம் தரும் டி.பி.டி. மாத்திரை கிடைத்தால் அதுவே மேல்.

பெட்டியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ‘பவுடர் போட்டாயா’ என்று தொட்டி இயக்குபவரைக் கேட்டால் ‘போட்டேன்’ என்பார், அது உண்மையாகவும் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: கடைசிக் குழாயில் இன்று எவ்வளவு?

அவர் போட்டதாகச் சொல்கிறார், எங்கள் தெருவில் மட்டும் நிறமே வரவில்லை. யார் பொய்?

யாரும் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இதுவே நடந்தது. தொட்டியின் கீழே உள்ள குழாயில் அடர் மஞ்சள், நடுத்தெருவில் வெளிர் மஞ்சள், கிழக்குக் கடைசித் தெருவில் வெறும் தண்ணீர். மூன்று காலை தொடர்ந்து அப்படியே. நான்காம் நாள் குழாய் போகும் வழியிலேயே நடந்தோம். ஒரு சிறு பாலத்துக்கு அடியில் குடிநீர்க் குழாய் சாக்கடையைக் கடந்து போகிறது. இணைப்பில் சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருந்தது. தண்ணீர் விடும்போது அங்கே நூல் போல வெளியே பீய்ச்சியது.

வெளியே பீய்ச்சினால் நட்டம் தண்ணீர் மட்டும்தானே என்று தோன்றும். தண்ணீர் நின்ற பின் நடப்பதுதான் வினை. குழாய் காலியாகும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்து, அதே ஓட்டை சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் வரும் குளோரின் முழுவதும் அந்த அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். தினமும் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் எல்லா ஊர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. மிச்ச குளோரின் பூஜ்யம் என்றால் இன்னும் கொஞ்சம் பவுடர் போடு என்று மட்டும் புரிந்துகொள்ளாதீர்கள். எங்கோ ஓட்டை என்றும் பொருள்.

வேகமாக வருவதில்லை என்று குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைத்திருக்கிறோம். மோட்டாரும் போடுகிறோம். அதனால் என்ன?

மேலே சொன்ன ஓட்டைக்கு இவையும் உறவுதான். குழிக்குள் மழைத் தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் தேங்கி, குழாயின் வாய் அதில் மூழ்கிக் கிடக்கும். தண்ணீர் நின்றதும் குழியில் உள்ளது குழாய்க்குள் போகும். குழியில் தவளை நீந்துவதைப் பார்த்துக்கொண்டே குடம் பிடிக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் அண்டை வீட்டுத் தண்ணீரோடு மண்ணுக்கடியில் உள்ள கசிவையும் சேர்த்து உறிஞ்சுகிறீர்கள். மோட்டாரை ஊராட்சி பறிமுதல் செய்வதும் உண்டு; செய்தால் நான் பரிந்து பேச வரமாட்டேன்.

தொட்டியை எப்போது கழுவ வேண்டும்? கழுவினார்கள் என்று எப்படி நம்புவது?

மாதம் இரண்டு முறை. எங்கள் ஊராட்சியில் 5, 20 தேதிகள். தூணில் கழுவிய தேதியும் அடுத்த தேதியும் பெயின்டில் எழுதியிருக்க வேண்டும். முழுக்க வடித்து, அடியில் படிந்த சேற்றை வாரி, சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் கரைசல் பூசி, அலசி, அலசிய தண்ணீரைக் கழிவு வால்வு வழியாக வெளியேற்ற வேண்டும். அந்த வால்வு திறந்தால் கீழே மண் நனைந்திருக்கும். தேதி புதிது, மண் காய்ந்திருக்கிறது என்றால் பெயின்ட் மட்டும்தான் ஏறி இறங்கியிருக்கிறது.

தொட்டிக்குள் ஒருவரைத் தனியாக இறக்கக் கூடாது. மேலே ஒருவர் நிற்க வேண்டும். ஏணியில் துருப்பிடித்த படி இருந்தால் அன்று கழுவ வேண்டாம், முதலில் ஏணி.

தொட்டி மூடிக்குப் பூட்டு எதற்கு? அவ்வளவு உயரத்தில் யார் ஏறப் போகிறார்கள்?

காக்கையும் புறாவும் ஏறும். மூடி விலகியிருந்தால் எச்சம், செத்த பறவை, கொசுப் புழு எல்லாம் உள்ளே. மனிதர்களும் ஏறுவார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. குழந்தைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். அந்தக் கொடுமைக்குப் பூட்டு மருந்தில்லை. ஆனாலும் பூட்டும், ஏணியின் கீழ்ப்பகுதிக்குக் கதவும், சாவி யாரிடம் என்ற பதிவும் எல்லாத் தொட்டிக்கும் வேண்டும்.

காய்ச்சிக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா?

கிருமிக்குச் சரி. தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் போதும். ஆறிய பிறகு கையை விட்டு மொள்ளாமல், பிடி வைத்த அகப்பையால் எடுங்கள். காய்ச்சிய தண்ணீரில் காவலாள் கிடையாது.

உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவை கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அவற்றின் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கக் கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். உரம், கழிவறைக் குழி, மாட்டுத் தொழுவம் பக்கத்தில் இருக்கும் கிணறுகளில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாட்டி தேற்றான்கொட்டை இழைப்பார், செப்புக்குடம் வைப்பார். அதெல்லாம் பொய்யா?

பொய்யில்லை. தேற்றான்கொட்டையும் முருங்கை விதையும் கலங்கலைத் திரட்டி அடியில் உட்கார வைக்கும். அதோடு கிருமியில் ஒரு பகுதியும் அடியில் போகும், முழுவதும் போகாது. தெளிந்த பிறகு குளோரின் போட்டாலோ காய்ச்சினாலோ அது நன்றாக வேலை செய்யும். செம்புக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு, அதற்கு ஒரு ராத்திரி ஆகும். அதை நம்பி ஊருக்கே தண்ணீர் விட முடியாது.

டி.டி.எஸ். 900 காட்டுகிறது. இது விஷமா?

இல்லை. டி.டி.எஸ். என்பது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தம். தரநிலை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது என்றும், வேறு நல்ல நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. 900 இருந்தால் பருப்பு வேகத் தாமதமாகலாம், பாத்திரத்தில் வெள்ளை படியலாம், நாக்குக்குச் சற்று உப்புக் கரிக்கலாம். கிருமி உண்டா இல்லையா என்பதை டி.டி.எஸ். அளக்கும் அந்தப் பேனா மீட்டர் சொல்லாது. டி.டி.எஸ். 80 உள்ள தண்ணீரிலும் காலரா கிருமி வாழும்.

ஆர்.ஓ. விற்க வந்தவர் நம் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டுக் காட்டினார். கறுப்பாகக் கசடு வந்தது டீச்சர்! கண்ணால் பார்த்தேன்.

நானும் பார்த்தேன், எங்கள் வீட்டு வாசலிலேயே. அந்தக் கம்பியில் ஒரு ஜோடி இரும்பு. மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு கரைந்து துருவாக மிதக்கிறது. கசடு கம்பியிலிருந்து வந்தது, தண்ணீரிலிருந்து வரவில்லை. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, கம்பி கரைவதில்லை. அவர் கொண்டுவந்த ‘சுத்தமான’ டம்ளரில் நான் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, மறுபடி சுவிட்சைப் போடச் சொன்னேன். அதுவும் பழுப்பாகிவிட்டது. அவர் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகவில்லை, அடுத்த ஊருக்கே போய்விட்டார்.

உங்கள் தண்ணீரில் உப்போ ஃபுளோரைடோ அளவுக்கு மேல் இருப்பது ஆய்வக அறிக்கையில் தெரிந்தால் ஆர்.ஓ. உதவும். இல்லாவிட்டால் பாதித் தண்ணீருக்கு மேல் சாக்கடைக்கு அனுப்பும் இயந்திரத்தை வாங்குகிறீர்கள், அவ்வளவுதான்.

பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கோடு. தண்ணீரினாலா?

இருக்கலாம். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை, நாளடைவில் எலும்பு மூட்டுகளில் இறுக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதனால் பட்ட பாட்டுக்குத்தான் காவிரியிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013 இல் பயன்பாட்டுக்கு வந்தது. பிளீச்சிங் பவுடர் ஃபுளோரைடை ஒன்றும் செய்யாது. நீராதாரத்தை மாற்ற வேண்டும், அல்லது நல்ல தண்ணீரோடு கலந்து அளவைக் குறைக்க வேண்டும். போர் தண்ணீரைத் துணி துவைக்கவும், திட்டத் தண்ணீரைக் குடிக்கவும் பிரித்துக்கொண்ட வீடுகள் புத்திசாலிகள்.

யார் சோதிக்க வேண்டும்? எத்தனை முறை?

ரசாயனப் பரிசோதனை ஆண்டுக்கு ஒரு முறை, கிருமிப் பரிசோதனை இரண்டு முறை என்பது குறைந்தபட்சம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் செய்வார்கள். பொதுமக்களும் கட்டணம் செலுத்திக் கொடுக்கலாம். 2019 இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி தர வேண்டும். உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று கேளுங்கள். பெட்டி அலமாரியில் சீல் உடைக்காமல் இருந்தால் அதில் உள்ள ரசாயனங்களின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

பெட்டியில் ஒரு குப்பி உண்டு. குறி வரை தண்ணீர் ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், கிருமிக் கலப்பு இருந்தால் கறுத்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் இல்லை.

நானே ஆய்வகத்துக்குத் தண்ணீர் எடுத்துப் போகலாமா? பாட்டில் எது?

ரசாயனத்துக்கு நன்றாக அலசிய இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேன் போதும். குளிர்பான பாட்டில் வேண்டாம். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். அதில் குளோரினை முறிக்கும் தயோசல்பேட் இருக்கும், அலசிக் கொட்டிவிடாதீர்கள். குழாய் வாயைத் துடைத்துச் சுட்டு, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உட்புறம் விரல் படாமல் பிடித்து, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். காலை முதல் பஸ்ஸில் போய்விடுங்கள். 100 மில்லிலிட்டரில், மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் விதி.

தரமில்லாத தண்ணீர் விட்டால் ஊராட்சி மேல் வழக்குப் போடலாமா?

ஐ.எஸ். 10500 குழாய் வழிக் குடிநீருக்குத் தானாக முன்வந்து பின்பற்றும் தரநிலைதான். அதை மீறியதற்கென்று நேரடித் தண்டனை இல்லை. இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து. ஆனால் குடிநீர் வழங்குவது 1994 ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமை. சுத்தமான தண்ணீரை அரசியலமைப்பின் 21 ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதியாக நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன.

நீதிமன்றத்துக்கு முன்னால் கிராம சபை இருக்கிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றே ஒரு கிராம சபை கூடுகிறது. ‘தண்ணீர் சரியில்லை’ என்று கத்தினால் கூட்டக் குறிப்பில் ஒரு வரியும் ஏறாது. ‘கிழக்குத் தெருக் கடைசிக் குழாயில் மூன்று நாள் மிச்ச குளோரின் பூஜ்யம், பாலத்தடி இணைப்பை மாற்ற வேண்டும்’ என்று தேதியோடு எழுதிக் கொடுத்தால் தீர்மானமாகும். எங்கள் பாலத்தடிக் குழாய் அப்படித்தான் மாறியது. அதற்கும் அசையாவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலர், ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், 1100 எண் முதல்வரின் முகவரி உதவி மையம்.

குளோரின் புற்றுநோய் தரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

குளோரின் தண்ணீரில் உள்ள இலைதழைச் சத்தோடு சேர்ந்து சில துணைப்பொருட்களை உண்டாக்கும். அவற்றை நீண்ட காலம் அதிக அளவில் குடித்தால் ஆபத்து இருக்கலாம் என்பது ஆராயப்படுகிற விஷயம்தான். அந்தத் துணைப்பொருட்களைக் குறைக்கப் பாருங்கள், அதற்காகக் கிருமிநீக்கத்தை விட்டுவிடாதீர்கள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆழ்துளைக் கிணற்றில் அந்த இலைதழை பொதுவாகக் குறைவு. குளோரினை நிறுத்தினால் வாந்திபேதி அடுத்த வாரமே வரும்.

புதுத் தண்ணீர் மாற்றினேன், தொட்டியில் இருந்த மீனெல்லாம் செத்துவிட்டது.

நமக்குக் காவலாள், மீனுக்கு எமன். செவுளில் பட்டால் தாங்காது. வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு மாற்றுங்கள்.

கடைசித் தெருவுக்கு 0.2 வர வேண்டுமென்று கூடப் போட்டால், முதல் தெருக்காரர்கள் வாடை என்று சண்டைக்கு வருகிறார்கள். இதற்கு என்ன வழி?

இதுதான் உண்மையிலேயே கஷ்டமான கேள்வி. பவுடரால் தீராது, குழாயால்தான் தீரும். முதலில் ஓட்டைகளை அடையுங்கள். பிறகு, முட்டுச் சந்தில் முடியும் குழாயின் கடைசியில் வடிகால் வால்வு இருந்தால் வாரம் ஒருமுறை திறந்து, தேங்கிய கலங்கலைப் பீய்ச்சி வெளியேற்றுங்கள். குளோரினைத் தின்பதில் பாதி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது, தெருவாரியாக வால்வு திறக்கும் வரிசையை மாற்றிப் பாருங்கள். மோட்டார் ஓட ஓடச் சொட்டுச் சொட்டாகக் குளோரின் கரைசல் சேர்க்கும் கருவியை வைத்தால், ஒரேயடியாகக் கொட்டுவதைவிடச் சீராக இருக்கும்.

நாங்கள் கிழக்குத் தெரு வால்வை முதலிலும் தொட்டியடித் தெருவைக் கடைசியிலும் திறக்கத் தொடங்கினோம். இப்போது கடைசிக் குழாயில் 0.2, முதல் குழாயில் 0.6 அல்லது 0.7. வாடை என்று புகார் சொல்வது ஒரே ஒரு வீடுதான். அவர்கள் மீன் வளர்க்கிறார்கள்.